ஒளியின் பக்கங்கள்: இளம் விண்மீன்களைச் சூழ்ந்த வட்டுகளைக் கண்ட வரலாறு



வானியல் பற்றிய சொற்பொழிவிற்கு மொழியியல் பயின்ற ஒருவர் எதற்கு என்னும் ஐயம் அவையில் சிலருக்கு எழக்கூடும். நான் இப்பொருளுக்கு வந்து சேர்ந்தது ஒரு சொல்லின் வழியாக. 'போலரைசேஷன்' என மேலை மொழிகளில் வழங்கும் ஒளிப்பண்பைத் தமிழ்ப் பாடநூல்களுள் சில 'தளவிளைவு' என்கின்றன. வேறு சில 'முனைவாக்கம்' என்கின்றன. ஒரே பொருளைக் குறிக்கும் இரு கலைச்சொற்கள், ஒன்று தளத்தையும் மற்றொன்று முனையையும் ஏன் சுட்ட வேண்டும்? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்த நான், கோள்கள் பிறக்கும் இடங்களின் படங்களுக்கு முன்னே போய் நின்றேன். ஒரு சொல்லில் தொடங்கி ஒரு வட்டில் முடியும் அவ்வழியை இன்று உங்களோடு மீண்டும் ஒருமுறை நடந்து பார்க்க விழைகிறேன்.

1. காணாமலே கருதிய வட்டு

ஞாயிற்றைச் சுற்றிவரும் கோள்கள் யாவும் ஒரே திசையில் சுற்றுகின்றன. ஏறத்தாழ ஒரே தளத்திலும் சுற்றுகின்றன. இது தற்செயலாக அமைந்திருக்க இயலாது என்று எண்ணியவர் செருமானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்ட். பரந்து கிடந்த பொருள் திரண்டு, சுழன்று, தட்டையாகி, அதிலிருந்தே ஞாயிறும் கோள்களும் தோன்றின என்னும் கருத்தை அவர் 1755 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் முன்வைத்தார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1796 ஆம் ஆண்டு இதனையொத்த கருத்தைத் தனியே எடுத்துரைத்தார். சுழலும் ஒண்முகில் சுருங்கச் சுருங்க விரைந்து சுழலும். அவ்வாறு சுழல்வது தட்டையாகும். குயவர் சக்கரத்தில் சுழலும் ஈரக் களிமண் பக்கவாட்டில் விரிவதைக் கண்டவர்க்கு இக்கருத்து அயலானதன்று.

கருத்து அழகியது, சான்று மட்டும் இல்லை. நம் ஞாயிற்றைச் சுற்றியிருந்த வட்டு ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கோள்களாக மாறிவிட்டது. ஆகவே, இன்று பிறந்துகொண்டிருக்கும் வேறு விண்மீன்களிடத்தேதான் அத்தகைய வட்டைத் தேடவேண்டும். அங்கே இரண்டு தடைகள் நின்றன. முதலாவது தொலைவு. இடப விண்மீன்குழுவின் திசையிலுள்ள இளம் விண்மீன்கள் ஏறத்தாழ 450 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளன. நெப்டியூனின் சுற்றுப்பாதையளவு அகன்ற ஒரு வட்டு அங்கே இருக்குமாயின், நமக்கு அது 12 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த இரண்டரைச் சென்டிமீட்டர் நாணயத்தின் அளவே தோன்றும். இரண்டாவது தடை இன்னும் கொடியது. அந்நாணயத்தின் நடுவே, அதனைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு ஒளிரும் விளக்கொன்று எரிந்துகொண்டிருக்கிறது. அவ்விளக்குத்தான் விண்மீன். வட்டுக்கு ஒளி தருவதும் அதுவே. வட்டை நம் கண்ணிலிருந்து மறைப்பதும் அதுவே.

பெரிய தொலைநோக்கியைக் கட்டினால் முதல் தடை ஓரளவு நீங்கும். இரண்டாம் தடையோ பெரிய ஆடியால் மட்டும் நீங்குவதன்று. பெரிய ஆடி விண்மீனின் ஒளியையும் கூடவே மிகுதியாகத் திரட்டித் தரும். எவ்வளவு ஒளி வருகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை விண்மீனே விடையாக வந்துகொண்டிருக்கும். வேறொரு கேள்வி தேவைப்பட்டது. அக்கேள்வி, வானத்தோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு கல்லில் ஒளிந்திருந்தது.

2. கல்லும் சாளரமும்

ஐஸ்லாந்து நாட்டில் கிடைக்கும் தெளிந்த கால்சைட்டுப் படிகத்தை எழுத்தின்மேல் வைத்தால், ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். தென்மார்க்கு நாட்டறிஞர் எராசுமுசு பார்த்தொலின் 1669 ஆம் ஆண்டு இவ்விரட்டை விலகலை விளக்கி நூல் எழுதினார். ஒல்லாந்து அறிஞர் ஐகன்சு 1690 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இன்னும் ஒரு படி சென்றார். முதற் படிகத்திலிருந்து வெளிவந்த கதிரை இரண்டாம் படிகத்தின்வழிச் செலுத்தினால், படிகத்தைத் திருப்பி வைக்கும் நிலையைப் பொறுத்துக் கதிர் சிலவேளை பிரிகிறது, சிலவேளை பிரிவதில்லை. இதற்குத் தம்மிடம் நிறைவான விளக்கம் இல்லையென அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். நியூட்டன் தம் ஒளியியல் நூலின் 1706 ஆம் ஆண்டு இலத்தீன் பதிப்பில், ஒளிக்கதிருக்குப் பக்கங்கள் உண்டோ என்று வினவினார். உருண்டைக் கோலுக்குப் பக்கம் இல்லை. பட்டைக் கோலுக்கு உண்டு. ஒளி பட்டைக் கோலைப் போன்றதோ என்பதே அவ்வினாவின் பொருள்.

நூறாண்டுகள் இவ்வினா உறங்கிற்று. 1808 ஆம் ஆண்டு, பாரிசு நகரில் எத்தியேன் மாலுசு என்னும் படைப்பொறியாளர், தம் இல்லத்திலிருந்தவாறு எதிரேயிருந்த இலக்சம்பர்க்கு அரண்மனையின் சாளரக் கண்ணாடியில் மாலை ஞாயிறு எதிரொளிப்பதைக் கால்சைட்டுப் படிகத்தின்வழி நோக்கினார். இரண்டு உருக்கள் தெரிந்தன. படிகத்தைத் திருப்பியபோது ஒன்று மங்கி மற்றொன்று ஓங்கியது. மேலும் திருப்ப, நிலை மாறியது. அன்றிரவே மெழுகுவத்தியின் ஒளியை நீரிலும் கண்ணாடியிலும் எதிரொளிக்கச் செய்து அவர் ஆய்ந்தார் என்பர். படிகத்தினுள் புகுந்த ஒளிக்கு மட்டுமே உரியதெனக் கருதப்பட்ட பண்பு, வெறும் எதிரொளிப்பாலும் உண்டாகிறது என்பது தெளிவாயிற்று. நேரே வரும் ஞாயிற்றொளியில் இப்பண்பு இல்லை. எதனிலோ பட்டுத் திரும்பிய ஒளியில் இருக்கிறது. இனி நாம் காணப்போகும் வரலாறு முழுமைக்கும் வித்து இவ்வேறுபாடுதான்.

3. பிழையான படத்திலிருந்து பிறந்த சொல்

1811 ஆம் ஆண்டு மாலுசு இப்பண்பிற்குப் பெயரிட்டார். ஒளி நுண்துகள்களால் ஆனது என்னும் கொள்கையினர் அவர். காந்தத்திற்கு முனைகள் இருப்பதுபோல ஒளித்துகள்களுக்கும் முனைகள் உள்ளன. எதிரொளிக்கும்போது அவையெல்லாம் ஒருமுகமாகத் திரும்பி நிற்கின்றன என்று அவர் எண்ணினார். முனையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பெயரை ஆக்கினார். அடுத்த ஆண்டே, 36 ஆம் அகவையில், அவர் மறைந்தார்.

அவர் மறைந்து பத்தாண்டுகள் நிறைவதற்குள் அந்தப் படம் பொய்த்தது. ஒளி குறுக்கலை என்பதை 1821 ஆம் ஆண்டு பிரெனெல் நிறுவிக் காட்டினார். அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்வு நிகழ்கிறது. இயல்பான ஒளியில் அவ்வதிர்வு எல்லாத் திசைகளிலும் கலந்து நிகழ்கிறது. மாலுசு கண்ட ஒளியில் ஒரே தளத்தில் அமைகிறது. உண்டியலின் வாயை எண்ணிப் பாருங்கள். துளைக்கு ஒத்துப் பிடித்த நாணயம் உள்ளே விழும். குறுக்காகப் பிடித்தது விழாது. நாணயத்திற்கும் ஒளிக்கும் ஒரு வேறுபாடு உண்டு: சாய்வாக அதிரும் ஒளியில் ஒரு பகுதி புகும், மறுபகுதி நிற்கும். எவ்வளவு புகும் என்பதைக் கூறும் விதி இன்றும் மாலுசின் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆக, ஒளிக்கு முனையில்லை என்று தெரிந்த பின்னரும் முனையைச் சுட்டும் பெயர் மேலை மொழிகளில் நிலைத்துவிட்டது. முனைவாக்கம் என்னும் தமிழ்ச்சொல் அப்பெயரை வழுவாது பெயர்த்தது. அதனோடு மாலுசின் துகட்படத்தையும் ஏற்றுக்கொண்டது. தளவிளைவு என்று ஆக்கியவர்கள் சொல்லை விட்டுப் பொருளைப் பெயர்த்தார்கள். அதனால் பிரெனெலின் அலைத்தளம் தமிழுக்கு வந்தது. இரண்டாவதே சிறந்தது என்று நான் உடனே முடிவு கட்டமாட்டேன். அதிர்வுத்திசை சுழன்றுகொண்டே செல்லும் ஒளியும் உண்டு. அதனை 'வட்டத் தளவிளைவு' என்று சொல்ல நேரும்போது, தளமே இல்லாத ஒன்றிற்குத் தளத்தின் பெயர் வந்து சேர்கிறது. கலைச்சொல் எதுவும், அது பிறந்த நாளில் அறிஞர் என்ன அறிந்திருந்தனர் என்பதன் பதிவேடு. இவ்வுரையில் நான் தளவிளைவு என்றே ஆள்வேன். இங்கே பேசப்படுவது பெரும்பாலும் ஒரு தளத்தில் அமைந்த ஒளியே.

4. வானத்தை நோக்கித் திரும்பிய படிகம்

மாலுசின் கண்டுபிடிப்பை வானுக்கு உயர்த்தியவர் பிரான்சுவா அராகோ. மேகமற்ற நீலவானின் ஒளி தளவிளைவுற்றது என்பதை 1809 ஆம் ஆண்டு அவர் கண்டார். 1819 ஆம் ஆண்டு தோன்றிய வால்வெள்ளியின் ஒளியிலும் தளவிளைவு இருப்பதைக் கண்டறிந்தார். வால்வெள்ளி தானே எரியும் பொருளா, ஞாயிற்றின் ஒளியைத் திருப்பியனுப்பும் பொருளா என்னும் ஐயத்திற்கு இது விடை தந்தது. அதன் ஒளியில் ஒரு பங்கேனும் பட்டுத் திரும்பிய ஒளி. பொருளைத் தொடாமல், அருகிற் செல்லாமல், அதிலிருந்து வரும் ஒளியின் பக்கத்தை மட்டும் கேட்டு அதன் இயல்பை அறியலாம் என்பதற்கு வானியலில் கிடைத்த முதற் சான்றுகளுள் இஃதொன்று.

நீலவானின் தளவிளைவிற்கு 1871 ஆம் ஆண்டு இரேலி பிரபு கணித விளக்கம் அளித்தார். ஒளியின் அலைநீளத்தைக் காட்டிலும் மிகச் சிறிய துகள் ஒன்றில் ஒளி பட்டுச் சிதறும்போது, வந்த திசைக்குச் செங்குத்தாகச் சிதறும் ஒளியே மிகுதியாகத் தளவிளைவுறும். இதனை ஆய்வுக்கூடமின்றி நீங்களே காணலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் மாலை ஏறத்தாழ ஏழு மணிக்கு ஞாயிறு அடிவானைத் தொடுகிறது. அவ்வேளையில் நம் தலைக்கு நேர் மேலேயுள்ள வானம் ஞாயிற்றிலிருந்து 90 பாகை விலகி நிற்கும். தளவிளைவுக் குளிர்கண்ணாடியின் ஒரு வில்லையை வானுச்சியை நோக்கிப் பிடித்து மெல்லச் சுழற்றினால், ஒவ்வொரு கால்சுற்றிலும் வானம் இருண்டு வெளுக்கும். புகைமூட்ட நாள்களில் இவ்விளைவு குன்றும். பெரிய துகள்களும் பன்முறைச் சிதறலும் ஒழுங்கைக் குலைத்துவிடும். ஞாயிற்றை மட்டும் எக்கண்ணாடியின் வழியாகவும் நேரே நோக்கலாகாது.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன் 1921 ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது செய்ததும் இத்தகையதே. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் நிழலாலேதான் என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். அவர் நிகோல் பட்டகம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பில் எதிரொளித்த வானொளியை நீக்கிவிட்டுப் பார்த்தார். வானொளி போன பின்னும் கடல் நீலமாகவே இருந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்னும் முடிவிற்கு அவர் வந்தார். வேண்டாத ஒளியை அதன் பக்கம் அறிந்து விலக்கி, எஞ்சிய மெல்லொளியைக் காண்பதே அம்முறை. பின்னாளில் விண்மீன் வட்டுகளைக் கண்டவர்கள் செய்ததும் அதுவே. அவர்கள் வைத்துக்கொண்டதும் விலக்கியதும் இடம் மாறின, அவ்வளவே.

5. தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

இராமனின் அண்ணன் மகனும் சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவருமான சுப்பிரமணியன் சந்திரசேகர், அமெரிக்காவின் யெர்க்கீசு வானாய்வகத்தில் பணியாற்றியபோது, விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி சிதறிச் சிதறி வெளியேறும் வழியைக் கணக்கிட்டார். தளவிளைவை நான்கு அளவுகளால் முழுமையாகக் குறிக்கலாம் என்று 1852 ஆம் ஆண்டு இசுடோக்சு காட்டிய முறை ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது. அதனை எடுத்துத் தம் கணக்கில் வைத்தவர் சந்திரசேகர். மிகு வெப்பமுள்ள விண்மீன்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி தளவிளைவுற்றிருக்க வேண்டும் என்றும், அதன் அளவு விளிம்பில் 11.7 விழுக்காடு வரை செல்லும் என்றும் அவர் 1946 ஆம் ஆண்டு கண்டார். 1950 ஆம் ஆண்டு வெளிவந்த 'கதிர்வீச்சுப் பெயர்ச்சி' பற்றிய அவருடைய நூல் இன்றும் அத்துறையின் அடித்தளம்.

விண்மீன் முழு வட்டமாகத் தெரியும்போது எல்லாப் பக்கத்துத் தளவிளைவும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு விண்மீன் மற்றொன்றை மறைக்கும்போது மட்டும் விளிம்பின் ஒளி தனித்து வெளிப்படும். அந்தக் குறியைத் தேடி இல்ட்னர், ஆல் என்னும் இரு அமெரிக்க வானியலாளர்கள் மறைப்பு இரட்டை விண்மீன்களை அளந்தனர். தளவிளைவு இருந்தது; ஆயின் மறைப்பின்போது அது மாறவில்லை. இரட்டையல்லாத விண்மீன்களிலும் அது இருந்தது. வானத்தின் ஒரு பகுதியிலுள்ள விண்மீன்கள் பலவும் ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டின. 1949 ஆம் ஆண்டு வெளியான இம்முடிவின் பொருள் வேறாக இருந்தது: விண்மீன்களுக்கு இடையே நீண்ட வடிவத் தூசுகள் காந்தப்புலத்தால் ஒழுங்குபட்டு நிற்கின்றன; அவற்றைக் கடந்துவரும் ஒளியே தளவிளைவுறுகிறது. சந்திரசேகர் முன்னுரைத்த விளைவு அல்கால் என்னும் இரட்டை விண்மீனில் 1983 ஆம் ஆண்டே அளக்கப்பட்டது. அவர் நோபல் பரிசு பெற்றதும் அவ்வாண்டிலேதான்.

தேடியதைக் காணாதபோது அளவுகளை ஒதுக்கிவிடாமல், அவை வேறென்ன சொல்கின்றன என்று அவ்விருவரும் கேட்டனர். அதனால் விண்வெளித் தூசின் ஆய்வுக்குப் புதிய வழி திறந்தது. கோள்களுக்கு மூலப்பொருளும் அத்தூசே.

6. விண்மீனை மறைத்தல்

இளம் விண்மீனின் கூச்சொளியை வெல்லும் இரு கருவிகளையும் வளர்த்தவர் ஒரே மனிதர் என்பது இவ்வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. பிரெஞ்சு வானியலாளர் பெர்னார்டு லியோ, 1920களில் கோள்களின் மிகச் சிறிய தளவிளைவையும் அளக்கும் கருவியை அமைத்தார். 1930 ஆம் ஆண்டளவில், முழு ஞாயிற்று மறைப்பு இல்லாத நாளிலும் ஞாயிற்றின் புறவொளியைக் காட்டும் கரோனாகிராப் என்னும் கருவியைப் பிரெனே மலையின்மேல் பிக்-டு-மிடி ஆய்வகத்தில் செயற்படுத்தினார். ஞாயிற்றின் உருவத்தைக் கருவிக்குள்ளேயே ஒரு சிறு தட்டால் மறைப்பது அதன் முறை. இவ்விரண்டையும் சேர்த்து விண்மீன் வட்டுகளின்மேல் ஏவும் காலம் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1983 ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட ஐராசு செயற்கைக்கோள், சில விண்மீன்களிலிருந்து எதிர்பாராத மிகுதியில் அகச்சிவப்புக் கதிர் வருவதைக் கண்டது. விண்மீனைச் சுற்றி வெதுவெதுப்பான தூசு உள்ளது என்பதன் அடையாளம் அது. அடுத்த ஆண்டே, சிலி நாட்டின் இலாசு கம்பானாசு ஆய்வகத்தில், சுமித், தெரில் ஆகிய இருவர் கரோனாகிராப்பைக் கொண்டு பீட்டா பிக்டோரிசு என்னும் விண்மீனை மறைத்துப் படமெடுத்தனர். விண்மீனின் இருபுறமும் நீண்ட மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தது. பக்கவாட்டில் பார்த்த வட்டு அது. காண்ட் எழுதி 229 ஆண்டுகள் கடந்திருந்தன. 1990களில் அபிள் விண்தொலைநோக்கி, ஓரியன் ஒண்முகிலின் ஒளிப்பின்னணியில் கருநிழல்களாக நிற்கும் வட்டுகளைப் படம்பிடித்தது.

ஆயினும் இவையெல்லாம் வாய்ப்பான நிலைகள். பீட்டா பிக்டோரிசு வெறும் 63 ஒளியாண்டுத் தொலைவில், பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. ஓரியனின் வட்டுகளுக்கு ஒளித்திரை வாய்த்தது. வட்டை மேலிருந்து நோக்கும் நிலையில், விண்மீனுக்கு அண்மையில், கோள்கள் உருவாகும் பகுதியைக் காணவேண்டுமாயின் மறைக்கும் தட்டு மட்டும் போதாது. தட்டைச் சுற்றிக் கசியும் விண்மீனொளியே வட்டை விழுங்கிவிடும்.

7. விண்மீனைக் கழித்தல்

இங்கேதான் மாலுசின் சாளரம் மீண்டும் திறந்தது. விண்மீனிலிருந்து நேரே வரும் ஒளியில் தளவிளைவு ஏறத்தாழ இல்லை. வட்டின் தூசில் பட்டுச் சிதறிவரும் ஒளியில் அது உண்டு. ஆகவே, ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் இரு படங்களை எடுக்க வேண்டும். விண்மீனின் ஒளி இரண்டிலும் சமமாக விழும். வட்டின் ஒளி சமமாக விழாது. ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்தால் விண்மீன் மறைந்துவிடும், வட்டு நிற்கும். தொடக்கப்பள்ளிக் கழித்தல்தான். இரு படங்களையும் ஒரே கணத்தில் எடுப்பதில்தான் அருமை உள்ளது. காற்றின் அசைவால் விண்மீனின் உருவம் நொடிக்குப் பலமுறை மாறுகிறது. அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கழித்தால் அம்மாற்றமே எஞ்சும். ஒரே கணத்தில் எடுத்தால் இரண்டிலும் ஒரே கலக்கம் இருக்கும், அதுவும் கழிந்துபோகும்.

வட்டொளி தன்னை அடையாளம் காட்டும் இன்னொரு வழியும் உண்டு. செக்கு மாட்டை நினைவுகூருங்கள். செக்கின் நடுவிலிருந்து மாட்டை நோக்கிச் செல்லும் தடிக்குச் செங்குத்தாகவே மாடு எப்போதும் நடக்கும். அவ்வாறே, வட்டின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் வரும் ஒளியின் அதிர்வுத்திசை, அவ்விடத்தை விண்மீனோடு இணைக்கும் கோட்டிற்குப் பெரும்பாலும் செங்குத்தாக அமையும். படம் முழுதும் நுண்கோடுகளாக வரைந்தால் அவை விண்மீனைச் சுற்றி வளையமிடும். இவ்வொழுங்கைக் கருவிப்பிழை எளிதில் போலியாகக் காட்டவியலாது.

2000 ஆம் ஆண்டையொட்டி இம்முறை இளம் விண்மீன்களின்மேல் வெற்றிகரமாகக் கையாளப்படலாயிற்று. காற்றின் கலக்கத்தைக் கண்டறிந்து, நெளியும் ஆடியால் உடனுக்குடன் திருத்தும் தகவமைப்பு ஒளியியல் அதற்குத் துணைநின்றது. அக்கருத்தை 1953 ஆம் ஆண்டே பாப்காக்கு முன்வைத்திருந்தார். அவாய்த் தீவின் மௌனா கியா மலையிலுள்ள சப்பானின் சுபாரு தொலைநோக்கி 2009 ஆம் ஆண்டு இவ்வகைத் தேடலை விரிவாகத் தொடங்கியது. சிலியின் பரானால் மலையிலுள்ள ஐரோப்பியத் தென்வானாய்வகத்தில் 'இசுபியர்' என்னும் கருவி 2014 ஆம் ஆண்டு மே மாதம் முதலொளி கண்டது. இவ்விரு தொலைநோக்கிகளின் ஆடியும் 8.2 மீட்டர் அகலம்.

இப்படங்களில் தெரிந்தவை எவரும் எண்ணியிருந்த வழுவழுப்பான தட்டுகளல்ல. வளையங்கள், இடைவெளிகள், சுருள்கரங்கள், நிழல்கள் எனப் பல்வேறு வடிவங்கள் வெளிப்பட்டன. பி.டி.எசு. 70 என்னும் விண்மீன் ஏறத்தாழ 370 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. அகவை ஏறத்தாழ 54 இலட்சம் ஆண்டுகள். அதன் வட்டில் பெரிய வெற்றிடம் ஒன்றிருப்பதைச் சுபாரு எடுத்த தளவிளைவுப் படம் 2012 ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அங்கே கோள் இருந்து இடத்தைத் துப்புரவு செய்திருக்கக்கூடும் என்னும் ஊகம் எழுந்தது. 2018 ஆம் ஆண்டு இசுபியர் அவ்வெற்றிடத்தில் கோளையே படம்பிடித்தது. அடுத்த ஆண்டு இரண்டாவது கோளும் தென்பட்டது. 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், இடபம், பச்சோந்தி, ஓரியன் ஆகிய மூன்று பகுதிகளைச் சேர்ந்த 86 இளம் விண்மீன்களின் ஆய்வு முடிவுகள் வெளியாயின. ஒரு விண்மீனை வியந்து நோக்கிய காலம் போய், கூட்டமாக ஒப்பிடும் காலம் வந்துவிட்டது. ஓரியன் பகுதியில் இரண்டும் மேலுமாகச் சேர்ந்து வாழும் விண்மீன்களிடத்துப் பெரிய வட்டுகள் அருகியே காணப்பட்டன என்பது அவ்வொப்பீட்டின் முடிவுகளுள் ஒன்று.

8. படம் சொல்லாதவை

இப்படங்களைக் காணும் மாணவர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். இவை வட்டின் மேற்பரப்பை மட்டுமே காட்டுகின்றன. விண்மீனொளி படுவது மேலே மிதக்கும் மிக நுண்ணிய தூசின்மீது. மணலும் கூழாங்கல்லும் போன்ற பருக்கைகள் வட்டின் நடுத்தளத்தில் அமிழ்ந்து கிடக்கின்றன. அவற்றைக் காண அல்மா போன்ற வானொலித் தொலைநோக்கிகள் வேண்டும்; எச்.எல். டோரி என்னும் விண்மீனின் வட்டில் வரிசையாக அமைந்த வளையங்களை அல்மா 2014 ஆம் ஆண்டு காட்டியது. மேலும், படத்தில் இருண்டிருக்கும் இடமெல்லாம் வெற்றிடமாகாது. உள்வட்டின் நிழல் வெளிவட்டின்மேல் விழுந்திருக்கலாம். சாய்ந்த வட்டில் சிதறற்கோணம் இடத்திற்கு இடம் மாறுவதால், தூசு நிறைந்திருந்தும் தளவிளைவு குன்றித் தெரியலாம்.

கருவியும் குற்றமற்றதன்று. தொலைநோக்கியின் ஆடிகளே ஒளியைச் சிறிது தளவிளைவுறச் செய்யும். ஆகவே அதிர்வுத்திசையைத் திருப்பும் தகடு ஒன்றைச் சுழற்றி, இரு படங்களும் இடம் மாறும்படி செய்து, மீண்டும் ஒருமுறை கழிக்கிறார்கள். விண்மீனுக்கும் நமக்கும் இடையிலுள்ள தூசு சேர்த்த தளவிளைவையும் நீக்குகிறார்கள். இல்ட்னரும் ஆலும் 1949 ஆம் ஆண்டு கண்ட அதே தூசு! அன்று கண்டுபிடிப்பாக இருந்தது, இன்று திருத்தவேண்டிய பிழையாக நிற்கிறது. பிழையின் பெயரும் அளவும் தெரிந்திருப்பதால்தான் அதனைத் திருத்த முடிகிறது.

9. முடிவாக

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒளியியல் பாடத்தில் தளவிளைவு பெரும்பாலும் இறுதியில் வரும். தேர்வு நெருங்கும் வேளையில் வரையறையும் விதியும் சொல்லிக் கடந்துவிடத் தோன்றும். அதனைப் படித்த மாணவர், 'ஒரு தளத்தில் அதிரும் ஒளி' என்று பிழையின்றி எழுதுவார், மதிப்பெண்ணும் பெறுவார். ஆயினும், அது எதற்கு விடை என்பதை அறியாமலே செல்வார். பார்த்தொலின் கல்லைப் பார்த்தபோதும் மாலுசு சாளரத்தைப் பார்த்தபோதும் விண்மீன் வட்டு அவர்கள் எண்ணத்தில் இல்லை. ஐகன்சு தமக்கு விளங்காததை விளங்காததாகவே எழுதிவைத்தார். அதனால் பின்வந்தவர்க்கு வினா கைம்மாறிற்று. அவ்வினாவையும் மாணவர் கையில் கொடுங்கள். விதியை அதன்பின் கொடுக்கலாம்.

மாணவர்களுக்கு: முனைவாக்கம், தளவிளைவு என்னும் இரு சொற்களையும் அறிந்து வையுங்கள். முதற்சொல் மாலுசின் 1811 ஆம் ஆண்டுப் படத்தையும், இரண்டாம் சொல் பிரெனெலின் 1821 ஆம் ஆண்டுப் படத்தையும் உங்களுக்கு நினைவூட்டும். இடையிலிருந்த பத்தாண்டில் மனிதர் ஒளியைப் பற்றி என்ன கற்றனர் என்பதை அகராதியின் ஒரே பக்கத்தில் காணலாம். பின்னர், மழையில்லாத ஒரு மாலையில் குளிர்கண்ணாடியோடு திடலுக்குச் செல்லுங்கள். தலைக்கு மேல் வானம் இருண்டு வெளுப்பதைக் காணும்போது, நீங்கள் காண்பது காற்றில் சிதறிய ஞாயிற்றொளியின் பக்கம். பரானால் மலையில், தூசில் சிதறிய விண்மீனொளியிடம் கேட்கப்படும் கேள்வியும் அதுவே.